புற்றுக்கட்டியின் எல்லை வரைதலில் மருத்துவர்களிடையே ஒத்திசைவு: திண்டுக்கல் சமவெளியின் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கதிர்சிகிச்சைக்குத் திட்டமிடும்போது புற்றுக்கட்டியின் எல்லையை மருத்துவர் படத்தின்மேல் வரைகிறார். ஒரே நோயாளியின் ஒரே படத்தில் இரு மருத்துவர்கள் வரையும் எல்லைகள் பெரும்பாலும் முழுமையாக ஒத்துப்போவதில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு அறியப்பட்டது, எவ்வாறு அளக்கப்பட்டது, எவ்வாறு குறைக்கப்பட்டு வருகிறது என்பனவற்றை வரலாற்று நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயை மையமாகக் கொண்டு, 2000 முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் நடைபெற்ற கண்வழிப் பரிசோதனை ஆய்வைக் கதிர்சிகிச்சையின் எல்லை வரைதல் வரலாற்றோடு ஒப்பிடுகிறது. ஒத்திசைவு என்பது தனிமனிதரின் கூரிய பார்வையால் தானே அமைவதன்று. வரையறை, பொதுப்படம், பயிற்சி, மறுபார்வை ஆகிய நான்கினால் ஆக்கப்படுவது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கருப்பைவாய்ப் புற்றுநோய், திண்டுக்கல், அம்பிளிக்கை, கதிர்சிகிச்சை, எல்லை வரைதல், நோக்கர் வேறுபாடு, டைஸ் கெழு.

முன்னுரை

தமிழில் 'வரை' என்னும் அடிச்சொல் கோடு கிழித்தலையும் எல்லையையும் ஒருங்கே குறிக்கும். 'வரையறை' என்னும் சொல்லோ ஒன்றின் எல்லையை அறுதியிட்டுரைத்தலைக் குறிக்கும். கோடு வரைவதும் பொருளை வரையறுப்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது கதிர்சிகிச்சைத் துறையில் நேர்ப்பொருளாகவே அமைகிறது. அத்துறையில் புற்றுக்கட்டி என்றால் என்ன என்பதைச் சொல்லால் வரையறுத்த பின்னரே அதனைக் கோட்டால் வரைய இயலும். சொல் நெகிழ்ந்தால் கோடும் நெகிழும்.

தமிழகத்து மக்கள் வழக்கில் கதிர்சிகிச்சை 'கரண்ட் வைத்தல்' எனப்படுகிறது. நோயாளியின் பார்வையில் சிகிச்சை என்பது கருவியின் செயல். ஆனால் கருவி எங்கே கதிரைச் செலுத்த வேண்டும் என்பதை அதற்கு முன்னரே ஒரு மருத்துவரின் கை முடிவு செய்துவிடுகிறது. இன்றைய கருவிகள் மில்லிமீட்டர் அளவுத் துல்லியத்துடன் இயங்குகின்றன; எல்லை வரையும் கைகளுக்கிடையிலான வேறுபாடோ பல வேளைகளில் சென்டிமீட்டர் அளவை எட்டுகிறது. இந்திய மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் இதழில் 2008-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, கதிர்சிகிச்சையின் துல்லியத்தைத் தேடும் முயற்சியில் மிக நலிந்த கண்ணி எல்லை வரைதலே என்று மதிப்பிட்டது.

இந்நலிவின் வரலாற்றைத் திண்டுக்கல்லை முன்வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. அம்மாவட்டத்துச் சமவெளிச் சிற்றூர்களில், நோய் புற்றாக முதிர்வதற்கு முந்தைய நிலையில், அதன் எல்லையைக் கண்ணால் காணும் பொறுப்பு செவிலியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பலர் பார்த்தாலும் ஒன்றையே காண வேண்டும் என்னும் சிக்கலை அவ்வாய்வும் எதிர்கொண்டது. கருவியும் பணியாளரும் வேறானாலும் சிக்கல் ஒன்றே.

களம்: திண்டுக்கல் சமவெளியும் அம்பிளிக்கையும்

திண்டுக்கல் மாவட்டம் 1985-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. பழனி மலைத்தொடருக்கும் சிறுமலைக்கும் இடையிலும் வடக்கிலும் விரிந்துள்ள வறண்ட சமவெளியில் திண்டுக்கல் நகரம், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டை முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள அம்பிளிக்கையில் இயங்கும் கிறித்தவ ஐக்கிய சமூக நல மையம், 1990-களின் நடுப்பகுதியில் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. அதன் தொடக்க முடிவுகள் 2000-இல் வெளியாயின. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், வரையறுக்கப்பட்ட ஒரு நிலப்பகுதியில் வாழ்வோரிடையே தோன்றிய புற்றுநோய்களை எண்ணிய அப்பதிவேடு, அப்பகுதிப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் மிக உயர்ந்த அளவில் இருந்ததை வெளிப்படுத்தியது.

இக்கண்டறிதலின் பொருள் எளிது. முதிர்ந்த நிலையில் வரும் பெண்ணுக்குத் தமிழகத்தில் முதன்மைச் சிகிச்சை கதிர்சிகிச்சையே. 1954-இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையம், 1950-களின் பிற்பகுதியிலேயே கோபால்ட்-60 கதிர்சிகிச்சையைக் கொண்டுவந்தது. ஆயினும் சமவெளிச் சிற்றூரில் வாழ்ந்த கூலித்தொழிலாளிப் பெண்ணுக்குச் சென்னை தொலைவானது. வாரக்கணக்கில் நாள்தோறும் தொடரும் சிகிச்சைக்காக ஊர்விட்டு ஊர் தங்குவது அதனினும் அரிது. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022-இல்தான். எனவே, கதிர்சிகிச்சை தேவைப்படும் நிலைக்கு முன்பே நோயைக் காண்பதே அப்பகுதிக்குப் பொருந்தும் வழியாகக் கருதப்பட்டது.

கண்வழிப் பரிசோதனை: செவிலியர் கண்ட எல்லை

வழமையான பாப் சோதனைக்கு ஆய்வகமும் உயிரணுவியல் வல்லுநரும் தேவை. முடிவு வரச் சில நாள்களாகும். முடிவைக் கேட்க நோயாளி மீண்டும் வர வேண்டும். இம்மூன்றும் சிற்றூர்ப் பகுதிகளில் அரியன. மாற்றாக முன்வைக்கப்பட்ட முறை எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் நோக்கினால், புற்றுக்கு முந்தைய மாற்றமுற்ற இடம் வெண்மையாகத் தோன்றும். அமிலத்தால் தோன்றும் இவ்வெண்மையைப் படித்தறியும் மரபு, ஹான்ஸ் ஹின்செல்மான் 1925-இல் ஜெர்மனியில் உருவாக்கிய கோல்போஸ்கோப்பு என்னும் உருப்பெருக்கிக் கருவியோடு வளர்ந்தது. சிற்றூர் முறையில் அக்கருவி இல்லை; மரபு மட்டும் எஞ்சியது.

எல்லா வெண்மையும் நோயன்று என்பதே இம்முறையின் இடர்ப்பாடு. அழற்சியாலும் இயல்பான திசு மாற்றத்தாலும் வெண்மை தோன்றலாம். எனவே வெண்மையின் இருப்பைவிட அதன் எல்லையே முடிவுக்கு அடிப்படையாயிற்று. விளிம்பு தெளிவாகவும், நிறம் ஒளி ஊடுருவாததாகவும், இருவகைத் தோற்படலங்கள் சந்திக்கும் கோட்டை ஒட்டியதாகவும் இருந்தால் மட்டுமே நேர்முடிவு எனக் கொள்ளப்பட்டது. விளிம்பு மங்கியதாகவோ, சந்திப்புக் கோட்டிலிருந்து விலகியதாகவோ இருப்பின் எதிர்முடிவே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் வெளியிட்ட கண்வழிப் பரிசோதனைக் கையேடு, இத்தகைய தோற்றங்களை வண்ணப்படங்களோடு வகைப்படுத்தியது. சொல்லால் கூறிய விதியைப் படத்தால் நிலைநிறுத்தும் இம்முறை, பின்னர்க் காணப்படவுள்ள கதிர்சிகிச்சை வரைபட ஏடுகளின் முறையோடு ஒத்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 114 தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, குலுக்கல் முறையில் 57 தொகுதிகளுக்குக் கண்வழிப் பரிசோதனையும் எஞ்சிய 57 தொகுதிகளுக்கு வழக்கமான மருத்துவ வசதியும் என ஒதுக்கப்பட்டன. 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள் இதில் அடங்குவர். பரிசோதனைப் பிரிவில் தகுதியுடைய 49,311 பெண்களுள் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காட்டினர், 2000-க்கும் 2003-க்கும் இடையில் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 3,088 பேருக்கு, அதாவது 9.9 விழுக்காட்டினருக்கு, நேர்முடிவு கிடைத்தது. 3,052 பேருக்குக் கோல்போஸ்கோப்பு ஆய்வும் 2,539 பேருக்குத் திசு ஆய்வும் செய்யப்பட்டன. புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பெண்களுள் 72 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றனர். பொருத்தமானவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சை பரிசோதனை நாளிலேயே செவிலியரால் அளிக்கப்பட்டது. பெரிய மாற்றங்களும் புற்றுநோயும் உடையோர் மேற்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர்.

சங்கரநாராயணன், எஸ்மி, ராஜ்குமார் முதலியோர் 2007-இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவின்படி, பரிசோதனைப் பிரிவில் 167 பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் தோன்றியது. 83 பேர் இறந்தனர். எண்ணிக்கையில் சிறிய ஒப்பீட்டுப் பிரிவான 30,958 பெண்களில் 158 பேருக்கு நோய் தோன்றியது. 92 பேர் இறந்தனர். பின்தொடர்ந்த காலத்தையும் பிற காரணிகளையும் கணக்கில்கொண்டு ஒப்பிட்டபோது நோய்த்தோற்றம் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயதினரிடம் பயன் மிகுதியாகக் காணப்பட்டது.

உறைகுளிர் சிகிச்சை அளிப்பதா, மேற்சிகிச்சைக்கு அனுப்புவதா என்னும் முடிவும் மாற்றத்தின் பரப்பைச் சார்ந்தே அமைந்தது. உறைவிக்கும் முனை முழுமையாக மூடக்கூடிய அளவினதாக மாற்றம் இருத்தல் வேண்டும். அதன் எல்லை கருப்பைவாய்க் கால்வாயினுள் மறைந்து செல்லாதிருத்தல் வேண்டும். எல்லையைக் குறைத்து மதிப்பிட்டால் நோய் எஞ்சும். மிகைத்து மதிப்பிட்டால் தேவையற்ற சிகிச்சையும் அலைச்சலும் நேரும். கதிர்சிகிச்சை மருத்துவர் எதிர்கொள்ளும் இருமுனைச் சிக்கலும் இதுவே.

கதிர்சிகிச்சை: கோட்டைத் தவிர்த்த ஒத்திசைவு

முதிர்ந்த நிலையில் சிகிச்சைக்கு வரும் பெண்ணின் நோயெல்லையை மருத்துவர்கள் எவ்வாறு ஒரேவிதமாகக் காண்பது என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. ரேடியச் சிகிச்சையின் முடிவுகளை நாடுகளுக்கிடையே ஒப்பிட முற்பட்டபோது, ஒருவர் முதல்நிலை என்றதை மற்றொருவர் இரண்டாம் நிலை என்றார். உலக நாடுகள் சங்கத்தின் சுகாதார அமைப்பு 1929-இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு நிலைப் பாகுபாட்டை வகுத்தது. 1937-இல் முதல் ஆண்டறிக்கையும், 1938-இல் ஒவ்வொரு நிலையையும் படத்தால் விளக்கும் ஏடும் வெளியாயின. ஸ்டாக்ஹோமின் ஜேம்ஸ் ஹேமான் இம்முயற்சியில் முன்னின்றார். முதலில் சொல், அடுத்துப் படம் என்னும் வரிசை இங்கேயே தொடங்கிவிட்டது.

சிகிச்சை அளவிலும் ஒழுங்கு தேடப்பட்டது. மான்செஸ்டரில் மார்கரெட் டாட், மெரிடித் ஆகியோர் 1938-இல் 'ஏ புள்ளி' என்னும் கருத்தை முன்வைத்தனர். புணர்புழையின் பக்கவாட்டு மேல்மூலையிலிருந்து 2 செ.மீ. மேலாகவும், கருப்பையின் நடுக்கால்வாயிலிருந்து 2 செ.மீ. விலகியும் அமையும் புள்ளி அது. கதிர் அளவு அப்புள்ளியில் குறிக்கப்பட்டது. கட்டி பெரிதோ சிறிதோ, வலப்புறம் சாய்ந்ததோ இடப்புறம் சாய்ந்ததோ, புள்ளி மாறாது. வெளிக்கதிர்ச் சிகிச்சையிலும் இடுப்பெலும்பின் அடையாளங்களே புல எல்லைகளாயின. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலான வெளி மேலெல்லையாகக் கொள்ளப்பட்டது. எலும்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரியும். எனவே மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு குறைவு.

இவ்வொத்திசைவின் விலையை உணர்தல் வேண்டும். கட்டியை வரையாமல் விட்டதனாலேயே வரைவதில் வேறுபாடு எழவில்லை. எலும்பு எல்லைக்கு வெளியே நீண்ட நோய் கதிரைத் தப்பியது. புள்ளியைவிடச் சிறிய கட்டியுடைய பெண்ணின் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் தேவைக்கு மேற்பட்ட கதிரைப் பெற்றன. அனைவரும் ஒரே கோட்டை வரைந்தனர் என்பதனால் அக்கோடு சரியானது ஆகிவிடாது. ஒத்திசைவும் சரிமையும் வேறுவேறானவை என்பதை ஏ புள்ளியின் வரலாறு தெளிவுறுத்துகிறது.

படம் வந்தபின் எழுந்த வேறுபாடு

1971-இல் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவியால் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். அடுத்த இருபதாண்டுகளில் கட்டியின் வடிவத்திற்கேற்பக் கதிரை வடிவமைக்கும் முப்பரிமாணத் திட்டமிடல் வளர்ந்தது. மருத்துவர் ஒவ்வொரு படத்தகட்டிலும் எல்லையை வரைய வேண்டியதாயிற்று. அதற்குரிய கலைச்சொற்களைக் கதிரியல் அலகுகளுக்கான பன்னாட்டு ஆணையம் 1993-இல் வெளியிட்ட 50-ஆம் அறிக்கை நிலைப்படுத்தியது. 1999-இல் 62-ஆம் அறிக்கை அவற்றை விரிவாக்கியது.

ஜி.டி.வி. என வழங்குவது கண்ணுக்கும் கைக்கும் படத்துக்கும் புலப்படும் கட்டி. இதனைப் 'புலப்படு கட்டி' எனலாம். சி.டி.வி. என்பது அதனோடு, புலப்படாது பரவியிருக்கக்கூடிய நோயையும் சேர்த்தது, 'நோயிலக்கு' எனலாம். பி.டி.வி. என்பது நோயாளியின் அசைவுக்கும் கருவி நிலைப்படுத்தும் பிழைக்கும் இடம்விட்டு விரித்த பரப்பு. 'திட்ட இலக்கு' எனலாம். முதலாவதைக் காணலாம், மூன்றாவதைக் கணக்கிடலாம், இடையிலுள்ள நோயிலக்கைக் காணவும் இயலாது, முற்றாகக் கணக்கிடவும் இயலாது. அது மருத்துவரின் நோய்ப்பரவல் அறிவைச் சார்ந்த தீர்ப்பு. வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு இத்தீர்ப்பே ஊற்று.

வேறுபாட்டின் விளைவை ஓர் எளிய கணக்கு காட்டும். கட்டியை 2.5 செ.மீ. ஆரமுள்ள கோளமாகக் கொண்டால் அதன் கன அளவு ஏறக்குறைய 65 கன செ.மீ. மற்றொரு மருத்துவர் அரை செ.மீ. வெளியே தள்ளி வரைந்தால் ஆரம் 3 செ.மீ.; கன அளவு 113 கன செ.மீ. கோட்டில் அரை செ.மீ. வேறுபாடு, கன அளவில் 70 விழுக்காட்டிற்கு மேற்பட்ட வேறுபாடாகிறது. கருப்பைவாயின் முன்புறம் சிறுநீர்ப்பையும் பின்புறம் மலக்குடலும் நெருங்கியிருப்பதால் அவ்வேறுபாடு அவ்வுறுப்புகளின் மேலேயே விழும்.

இவ்வேறுபாடு எல்லா உறுப்புகளிலும் காணப்பட்டது. நெதர்லாந்தில் 2006-இல் வெளியான ஆய்வொன்றில், 11 கதிர்சிகிச்சை மருத்துவர்கள் 22 நுரையீரல் புற்றுநோயாளிகளின் கட்டிகளை வரைந்தனர். சி.டி. படத்தை மட்டும் கொண்டு வரைந்தபோது அவர்தம் கோடுகளின் திட்டவிலக்கம் 1.0 செ.மீ. ஆக இருந்தது, பெட் படத்தையும் பொருத்தி வரைந்தபோது 0.4 செ.மீ. ஆகக் குறைந்தது. வேறுபாடு மருத்துவரின் திறமைக்குறையால் மட்டும் எழுவதன்று, படத்தில் எல்லை தெளிவாகத் தெரியாமையாலும் எழுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

வேறுபாட்டை அளத்தல்

அளக்கப்படாத வேறுபாட்டைக் குறைக்க இயலாது. எல்லை வரைதலில் பெரிதும் பயன்படும் அளவை, மருத்துவத்தில் பிறந்ததன்று. லீ டைஸ் என்பார் 1945-இல் சூழலியல் இதழொன்றில், இரு உயிரினங்கள் எவ்வளவுக்குச் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதைக் கணிக்க ஒரு கெழுவை முன்வைத்தார். 1948-இல் சோரன்சென் தாவரத் தொகுதிகளை ஒப்பிட அதனையே தனித்து வகுத்தார். பின்னர் அது மருத்துவப் படங்களுக்கு வந்தது.

இரு மருத்துவர்கள் தனித்தனியே 50 கன செ.மீ. வரைந்து, அவற்றுள் 40 கன செ.மீ. மட்டும் இருவர்க்கும் பொதுவாக அமைந்தால், பொதுப்பகுதியின் இருமடங்கை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 80-ஐ 100-ஆல் வகுக்க 0.80. முழு ஒத்திசைவு 1. பொதுப்பகுதியே இல்லையெனில் 0. அதே கோடுகளை ஜக்கார்டு கெழுவால் அளந்தால், பொதுப்பகுதியை இரண்டும் சேர்ந்த மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும்: 40-ஐ 60-ஆல் வகுக்க 0.67. ஒரே நிகழ்வுக்கு இரு எண்கள் கிடைப்பதால், எந்தக் கெழு என்பதைக் குறிக்காமல் ஒத்திசைவு எண்ணை மட்டும் கூறுதல் ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. மேலும், இக்கெழுக்கள் கோடு எப்பக்கம் விலகியது என்பதைச் சொல்லா. வயிற்றுச் சுவர்ப் பக்கம் மிகுந்ததும் மலக்குடல் பக்கம் மிகுந்ததும் கெழுவுக்கு ஒன்றே; நோயாளிக்கு ஒன்றன்று.

உண்டு, இல்லை என்னும் முடிவுகளுக்குக் கோகன் 1960-இல் வகுத்த காப்பா கெழு பயன்படுகிறது. தற்செயலாக நேரும் உடன்பாட்டைக் கழித்து எஞ்சும் உடன்பாட்டை அது கூறும். கண்வழிப் பரிசோதனையின் நேர்முடிவு, எதிர்முடிவு ஆகியவற்றில் பரிசோதிப்போர் எவ்வளவு ஒத்துப்போகின்றனர் என்பதை அளக்க உகந்தது இதுவே.

வேறுபாட்டைக் குறைத்தல்: ஏடும் ஒத்திகையும்

கருப்பைவாய்ப் புற்றுநோயில் திருப்புமுனை 2005-இல் நேர்ந்தது. ஐரோப்பிய அண்மைக் கதிர்சிகிச்சைக் குழு, எம்.ஆர்.ஐ. படத்தில் எதனை, எவ்வாறு வரைய வேண்டும் என்னும் பரிந்துரையை வெளியிட்டது. சிகிச்சையின் இறுதிக்கட்டத்தில் எஞ்சிய கட்டி, முழுக் கருப்பைவாய், அதற்கப்பால் நோய் பரவியதாகக் கருதப்படும் திசு ஆகியவை சேர்ந்து 'உயர் இடர் நோயிலக்கு' என வரையறுக்கப்பட்டன. ஏ புள்ளியின் இடத்தை வரையப்பட்ட பரப்பு பெற்றது. அதே ஆண்டில் இடுப்பு நிணநீர்க் கணுக்களுக்கு, இரத்தக்குழாய்களைச் சுற்றி 7 மி.மீ. இடம்விட்டு வரையும் எளிய விதி பிரித்தானிய ஆய்வொன்றால் முன்வைக்கப்பட்டது. கணு தெரியாவிடினும் குழாய் தெரியும். தெரியும் ஒன்றைச் சார்ந்து தெரியாததை வரையும் உத்தி இது.

2008-இல் தொடங்கிய எம்பிரேஸ் என்னும் பன்னாட்டு ஆய்வு இப்பரிந்துரையை நடைமுறைப்படுத்தியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை உள்ளிட்ட மையங்கள் அதில் பங்கேற்றன. நோயாளிகளைச் சேர்க்கும் முன், ஒவ்வொரு மையமும் மாதிரி நோயாளிகளின் படங்களில் எல்லைகளை வரைந்து காட்டும் ஒத்திகையை நிறைவேற்ற வேண்டியிருந்தது. 24 மையங்களின் 1,341 நோயாளிகளைக் கொண்டு 2021-இல் வெளியான முடிவில், ஐந்தாண்டுக் காலத்தில் நோய் தோன்றிய இடத்தில் (local control) கட்டுப்பட்டோர் 92 விழுக்காட்டினர்.

தரத் தவறுகளின் விலையை ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கதிர்சிகிச்சைக் குழு ஒருங்கிணைத்த தலை, கழுத்துப் புற்றுநோய் ஆய்வு 2010-இல் வெளிப்படுத்தியது. நோயைக் கட்டுப்படுத்துவதைப் பாதிக்கக்கூடிய பெருங்குறைகள் உடைய திட்டங்களால் சிகிச்சை பெற்றோருள் ஈராண்டு உயிர்வாழ்ந்தோர் 50 விழுக்காடு. நெறிப்படி சிகிச்சை பெற்றோருள் 70 விழுக்காடு. அக்குறைகளுள் எல்லையைத் தவறாக வரைந்தமையும் ஒன்று. மருந்து ஒன்றின் பயனை ஆராய எழுந்த ஆய்வில், மருந்தைவிடச் சிகிச்சைத் திட்டத்தின் தரமே பெரிய வேறுபாட்டை விளைவித்தது.

ஒப்பீடும் எதிர்வினைகளும்

திண்டுக்கல் செவிலியரின் கண்வழிப் பரிசோதனையும் கதிர்சிகிச்சை மருத்துவரின் எல்லை வரைதலும் நான்கு கூறுகளில் ஒத்துள்ளன. எதனை நோயெல்லை எனக் கொள்வது என்னும் வரையறை. அதனை விளக்கும் பொதுப்படம். அப்படத்தைக் கொண்டு தரும் பயிற்சி. ஒருவர் முடிவை மற்றொரு சான்றால் சரிபார்க்கும் மறுபார்வை என்பன அவை. திண்டுக்கல்லில் மறுபார்வையைத் திசு ஆய்வு வழங்கியது. நேர்முடிவு 3,088 பேருக்கும், முன்புற்று மாற்றம் 1,874 பேருக்கும் எனக் காணப்பட்டமை, வெண்மை கண்ட இடமெல்லாம் நோயன்று என்பதைச் செவிலியர்க்கும் ஆய்வாளர்க்கும் எண்ணால் உணர்த்தியது. கதிர்சிகிச்சையில் இத்தகைய சான்று அரிது. அறுவைசெய்து அகற்றாத கட்டியின் மெய்யெல்லையை எவரும் கண்டதில்லை. எனவே அங்கு வல்லுநர்களின் உடன்பாடே சான்றின் இடத்தில் நிற்கிறது. இது இவ்விரு மரபுகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு.

ஒத்த முறை எங்கும் ஒத்த பயனைத் தரவில்லை என்பதும் கருதத்தக்கது. மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடைபெற்று 2009-இல் வெளியான ஆய்வில், கண்வழிப் பரிசோதனையால் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மனிதப் பாப்பிலோமா நச்சுயிரிச் சோதனையே இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. மும்பையில் ஆரம்ப நலப் பணியாளர்கள் செய்த கண்வழிப் பரிசோதனை இறப்பை 31 விழுக்காடு குறைத்ததாக 2014-இல் அறியப்பட்டது. பார்ப்பவரின் கண்ணைச் சார்ந்த முறை, பார்ப்பவர் மாறும்போது தானும் மாறக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நச்சுயிரிச் சோதனையை முதன்மை முறையாகப் பரிந்துரைத்தமைக்கு இச்சார்பும் ஒரு காரணம்.

திண்டுக்கல் ஆய்வு அறவியல் நோக்கிலும் வினாவுக்குள்ளானது. ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களுக்குப் பரிசோதனை அளிக்கப்படாமையை அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா 2014-இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் கண்டித்தார். அக்காலத்தில் அப்பகுதிகளில் பரிசோதனை வழக்கத்தில் இல்லை என்பதும், கண்வழிப் பரிசோதனை இறப்பைக் குறைக்கும் என்பது அப்போது நிறுவப்படவில்லை என்பதும் ஆய்வாளர் தரப்பின் விடை. இவ்விவாதத்தில் எந்தத் தரப்பை ஏற்பினும், ஒப்பீட்டுப் பிரிவின் 92 இறப்புகளை வெறும் எண்ணாகக் கடந்து செல்ல இயலாது. பரிசோதனையின் பயனை மெய்ப்பித்த சான்றின் ஒரு பாதி அப்பெண்களுடையது. அச்சான்று கிடைத்தபின் அதனைப் பயன்படுத்தாமை ஆய்வினும் பெரிய அறப்பிழையாகும்.

பயன்பாடு தமிழகத்தில் ஓரளவு நிகழ்ந்தது. தமிழ்நாடு நலவாழ்வு அமைப்புத் திட்டத்தின்கீழ் 2007 முதல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு மருத்துவ நிலையங்களில் கண்வழிப் பரிசோதனை முன்னோட்டமாக நடத்தப்பட்டுப் பின்னர் மாநிலம் முழுமைக்கும் விரிக்கப்பட்டது. ஆய்வில் சிலரைப் பயிற்றுவித்து அவர்தம் முடிவுகளைத் தொடர்ந்து சரிபார்க்க முடிந்தது. மாநில அளவில் பயிற்சி பரந்தது, மறுபார்வையைப் பேணுவது கடினமாயிற்று. கதிர்சிகிச்சையிலும் இதே நிலை. பன்னாட்டு ஆய்வில் பங்குகொள்ளும் மையத்தில் ஒத்திகையும் சகமருத்துவர் மறுபார்வையும் விதி. நாள்தோறும் பெருந்திரளான நோயாளிகள் காத்திருக்கும் அரசு மருத்துவமனையில் ஒருவர் வரைந்த கோட்டை மற்றொருவர் பார்க்க நேரம் வாய்ப்பது அரிது. 2020-இல் இந்தியாவில் 1,23,907 பெண்களுக்குப் புதிதாகக் கருப்பைவாய்ப் புற்றுநோய் தோன்றியதாக மதிப்பிடப்பட்டது. இவ்வெண்ணிக்கையின் முன் ஒவ்வொரு கோட்டையும் இருவர் பார்ப்பது எளிதன்று. பாராதிருப்பதன் விலையும் சிறிதன்று.

கணினியே எல்லையை வரைந்து மருத்துவர் திருத்தும் முறை இன்று பரவி வருகிறது. அனைவரும் ஒரே தொடக்கக் கோட்டைத் திருத்துவதால் வேறுபாடு குறையும். ஆனால் அத்தொடக்கக் கோடு பிழையாயின் பிழையும் ஒருமுகமாகும். ஏ புள்ளி கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும். கணினி எந்நாட்டுப் பெண்களின் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது, முதிர்ந்த நிலையில் வரும் தமிழகப் பெண்ணின் கட்டியை அது கண்டதுண்டா என்னும் வினாக்கள் கேட்கப்பட வேண்டியவை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. புற்றுக்கட்டியின் எல்லையில் மருத்துவர்கள் வேறுபடுவது கணினிப் படங்கள் வந்தபின் பெரிதாக வெளிப்பட்டது எனினும், அதன் வேர் 1929-இன் நிலைப் பாகுபாட்டுக் காலத்திலேயே காணப்படுகிறது.

2. ஏ புள்ளியும் எலும்பு எல்லைகளும் ஒத்திசைவைத் தந்தன. தனி நோயாளியின் நோயைக் கைவிட்டே அதனைத் தந்தன. படவழிச் சிகிச்சை தனி நோயாளியை மீட்டது, ஒத்திசைவை இழந்தது. 2005-க்குப் பிந்தைய பரிந்துரைகள் இரண்டையும் ஒருங்கே பெற முயல்வன.

3. முறையான வரையறையும் படமும் பயிற்சியும் மறுபார்வையும் அமையுமாயின், சிற்றூரில் பணியாற்றும் செவிலியரும் உயிர்காக்கும் அளவுக்கு நோயெல்லையைக் காண இயலும் என்பதைத் திண்டுக்கல் ஆய்வு நிறுவியது.

4. டைஸ், ஜக்கார்டு, காப்பா ஆகிய கெழுக்கள் உடன்பாட்டை மட்டுமே அளப்பன. சரிமையை அளப்பன அல்ல. எனவே ஒத்திசைவு எண்ணோடு நோய் கட்டுப்படுதல், பக்கவிளைவு ஆகிய முடிவுகளையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

5. தமிழகத்து அரசுக் கதிர்சிகிச்சை மையங்களிடையே மாதிரிப் படங்களைப் பகிர்ந்து, எல்லை வரைந்து, ஒப்பிட்டுப் பார்க்கும் ஒத்திகைகள் குறைந்த செலவில் நிகழக்கூடியவை. அவற்றுக்குத் தமிழில் அமைந்த கலைச்சொல் தொகுதியும் பட ஏடும் துணைசெய்யும். வேடசந்தூரிலிருந்தோ நிலக்கோட்டையிலிருந்தோ வரும் பெண்ணுக்கு, அவர் எந்த மருத்துவரின் மேசைக்குச் சென்றார் என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறாதிருப்பதே இம்முயற்சிகளின் பயன்.